பதினாறு ஒட்டுப் பக்கங்கள்

"நல்ல புக்குதான் மிஸ். ஆனா இது எனக்குள்ளது இல்ல" என்று சொல்லி ஹேமா நாவலை என் பக்கம் தள்ளினாள்.

மருத்துவமனைக் கட்டிலின் குறுக்கே சாப்பாடு வைக்கும் சின்ன மேசை ஒன்று இருந்தது. அதன் மேல் ஆறிப்போய் ஆடை படிந்த கஞ்சியும் ஒரு ஸ்பூனும் கிடந்தன. முடி கொட்டிப்போன தலையில் அம்மாவின் பழைய சுங்குடிச் சேலையிலிருந்து கிழித்த துணியைக் கட்டியிருந்தாள். அவளுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அந்த வருடம் அவள் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்திருக்க வேண்டும். மருந்தின் வேகத்தில் வாயெல்லாம் புண்ணாகி, பேசுவதே அவளுக்குப் பெரும்பாடாக இருந்தது.

நான் அவள் படித்த பள்ளியின் நூலகர். வாரம் ஒருமுறை இரண்டு புத்தகங்களைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பழையதை வாங்கி வருவேன். அன்று ஏன் இது உனக்குள்ளது இல்லை என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாளோ என்று பயம். புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு, மாடிப்படி இறங்கி, வாசலில் பூக்காரம்மா நீட்டிய மல்லிகையையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இதெல்லாம் நடந்து ஐந்தாறு வருடம் இருக்கும். சென்ற வாரம் இந்தப் பத்தியில் கரையான் தின்ற அகராதியைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டுப் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். எல்லாம் எழுதுகிறீர்களே, ஒட்டுப் பக்கத்தைப் பற்றி மட்டும் ஏன் எழுத மாட்டேன் என்கிறீர்கள் என்று சிரித்தாள். அவளுக்கு அது வேடிக்கை. எனக்கு அதை எழுத உட்கார்ந்தால் இந்தப் பிள்ளை முகம்தான் வருகிறது. சரி, எழுதித் தொலைக்கிறேன்.

முத்தத்துக்கு மைதா பசை

எங்களுடையது மிஷன் பள்ளி, பெண்கள் மட்டும் படிப்பது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் புத்தகம் வாங்கப் பணம் வராது. பழைய மாணவிகள் வீட்டைக் காலி செய்யும்போது சாக்கு சாக்காக நாவல் கொடுப்பார்கள். அப்போதிருந்த தலைமையாசிரியை கண்டிப்பானவர். எந்த நாவலும் நான் படித்த பிறகுதான் அலமாரிக்குப் போக வேண்டும் என்பது அவர் உத்தரவு. கட்டிப்பிடிக்கிற, முத்தம் கொடுக்கிற பக்கம் வந்தால் அந்த இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒட்டிவிட வேண்டும். கிழிக்கக் கூடாது. தானம் வந்த புத்தகத்தைக் கிழிப்பது பாவம் என்பார்.

மைதா மாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்கத் துளி மயில்துத்தம் போட்டு, ஓரத்தில் மட்டும் விரல் அகலத்துக்குத் தடவுவேன். எழுத்தில் பசை படாது. அந்த வேலையில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. இருபத்தைந்து வயதில் கல்யாணம் ஆகாத ஒருத்தி, சனிக்கிழமை மத்தியானம் தனியாக உட்கார்ந்து ஊரார் முத்தங்களையெல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தேன் என்று இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். பிள்ளைகள் வந்ததும் முதலில் கேட்கிற கேள்வியே, "மிஸ், இதுல ஒட்டு இருக்கா?" என்பதுதான். ஒட்டு இல்லாத புத்தகத்தை யாரும் சீண்ட மாட்டார்கள். ஹாஸ்டல் பிள்ளைகள் சமையல்கட்டில் கொதிக்கும் பானை ஆவியில் காட்டி ஒட்டைப் பிரித்துப் படித்துவிட்டு மறுபடி ஒட்டிக் கொடுத்துவிடுவார்கள். ஒரு நாவல் சாம்பார் வாசனையோடு திரும்பி வந்தது. கண்டுகொள்ளாமல் அலமாரியில் வைத்துவிட்டேன்.

அந்தத் தலைமையாசிரியை போய், அவருக்குப் பின் மூன்று பேர் வந்து போனார்கள். ஒட்டச் சொல்ல ஆள் இல்லை. கையில் போனை வைத்திருக்கிற பிள்ளைகளிடம் ஒட்டி என்ன பயன் என்றும் எனக்குத் தெரியும். இருந்தாலும் கை பழகிவிட்டது, விடவில்லை.

ஹேமா கேட்ட புத்தகம்

ஹேமாவின் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவார்கள். அப்பாவுக்குச் சேலைக்கடையில் வேலை. வார்டில் நான் இருக்கும்போது அம்மாவும் மகளும் ஏதாவது மறைத்துப் பேச வேண்டுமென்றால் தங்கள் பாஷைக்கு மாறிவிடுவார்கள். பாஷைதான் தெரியாது. முகத்தைப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். மருந்து கேட்கவில்லை என்று மருத்துவர் பெற்றோரிடம் சொல்லி அப்போது ஒரு மாதம் ஆகியிருந்தது. அதைப் பற்றி அந்த அறையில் யாரும் வாயைத் திறப்பதில்லை. நர்ஸ், சொந்தக்காரர்கள், நான், எல்லாரும் அடுத்த வருடப் பரீட்சையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

அருண்பாண்டி என்று ஒரு பையன் தினமும் சாயங்காலம் வருவான். உசிலம்பட்டிக்காரன், மதுரையில் படித்துவந்தான். கணக்கு டியூஷனில் இவளோடு சேர்ந்து படித்தவன். நோட்ஸ் கொண்டுவருகிறான் என்று ஹேமாவின் அம்மா எல்லாரிடமும் சொல்லுவார். கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அரை மணி நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டுக் கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸைப் பிடிக்க ஓடுவான். நோட்டைத் திறந்து நான் பார்த்ததே இல்லை. அம்மாவுக்கும் அது தெரியும்.

ஒருநாள் ஹேமா ஒரு நாவலைக் குறிப்பிட்டுக் கேட்டாள். நோயாளிப் பையன் ஒருவனையும் அவனை நேசிக்கும் பெண்ணையும் பற்றியது என்று தோழி சொன்னாளாம். எங்கள் நூலகத்தில் இருக்கிறது என்றும் சொல்லியிருக்கிறாள். இளையவர்களுக்கென்று எழுதிய, யாரும் அதிகம் கேள்விப்படாத புத்தகம் அது. கார் ஓட்டக் கற்றுக்கொள்ளும் இடத்தில் கதிர் என்ற பையனும் மீனா என்ற பெண்ணும் சந்திக்கிறார்கள். அவனுக்கு இதயத்தில் கோளாறு. கடைசி அத்தியாயத்தில் இறந்துபோகிறான்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அலமாரியில் இருக்கிற புத்தகத்தை இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் அதைவிட மோசமான காரியத்தைச் செய்தேன். சனிக்கிழமை பசை காய்ச்சி, கடைசி அத்தியாயத்தின் பதினாறு பக்கங்களையும் ஒன்றோடொன்று ஒட்டி, பின்னட்டையோடு சேர்த்து மேலே கனமான கலைக்களஞ்சியத்தைத் தூக்கி வைத்தேன்.

"அம்புட்டு நேரமா?"

அடுத்த வாரம் போனபோது ஹேமாவின் கண்ணில் குறும்பு இருந்தது. பல நாள் கழித்து அதைப் பார்த்தேன். அம்மா தண்ணீர் பிடிக்கப் போகும் வரை காத்திருந்தாள்.

"மிஸ், கடைசி பதினாறு பக்கமும் ஒட்டா? அம்புட்டு நேரமா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்துவிட்டேன். எங்கள் பள்ளிப் பிள்ளைக்கு ஒட்டு என்றால் ஒரே அர்த்தம்தான். சாவை ஒட்டி மறைப்பார்கள் என்று அவள் எப்படி நினைப்பாள்? பதினாறு பக்க முத்தம் என்று நினைத்துக்கொண்டு, வாய்ப்புண் வலிக்க வலிக்கச் சிரித்தாள். பிரித்துப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். ஹாஸ்டல் பிள்ளைகள் செய்கிற வேலை அது, நாங்கள் செய்ய மாட்டோம், பாவம், கதிரும் மீனாவுமாவது நிம்மதியாக இருக்கட்டும் என்றாள்.

பிறகு சிரிப்பு நின்றது. "அப்ப கதிர் பிழைச்சுட்டானா மிஸ்?"

"ஆமா" என்றேன்.

அந்த ஒரு வார்த்தைக்காக இன்றைக்கும் என்னை நான் மன்னிக்கவில்லை. அப்போது நல்லது செய்ததாகவே நினைத்தேன். அவள் புத்தகத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு வாரம் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள், கொடுத்தேன். அந்த ஒரு வாரம் கழித்துத்தான், நான் முதலில் சொன்ன மாதிரி, எனக்குள்ளது இல்லை என்று திருப்பித் தந்தாள்.

அதற்கும் அடுத்த வாரம் ஸ்டூல் காலியாக இருந்தது. அருண்பாண்டி எங்கே என்று கேட்டேன். இவள் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள், அந்தத் தம்பி அழுதுகொண்டே போனது என்று அம்மாதான் சொன்னார். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

ஹேமா என்னைப் பார்த்தாள். கோபமில்லை. ரொம்பக் களைத்திருந்தாள்.

"அவன் பிழைச்சுட்டான், அதனால மீனா கூடவே இருந்தது சரியாப் போச்சு. நான் அப்படி இல்லைல்ல மிஸ்? எனக்குத் தெரியும். என்னை மாதிரி ஆளு என்ன செய்யணும்னு அதுல இருக்கும்னு நெனச்சுத்தான் கேட்டேன். இல்ல. அதான் இப்பவே போகச் சொல்லிட்டேன். அவனுக்குப் பரீட்சை இருக்கு."

வீட்டுக்கு வரும் வழியில்தான் எனக்கு உறைத்தது. அந்தப் பிள்ளைக்குத் துணையாக இருந்திருக்கக்கூடிய ஒரே ஒருத்தனை, காகிதத்தில் இருந்தவனை, நான் பிழைக்க வைத்து அவளிடமிருந்து பிடுங்கிவிட்டேன். அதோடு உயிருள்ளவனையும் வாசலோடு அனுப்ப வைத்துவிட்டேன். இருக்கிற கொஞ்ச நாளும் அந்த ஸ்டூல் காலியாகவே கிடக்கும் என்பதை நினைத்தபோது எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

இட்லிப் பானை

முப்பது வருடம் ஒட்டியவள், முதல்முறையாகப் பிரிக்க உட்கார்ந்தேன். இட்லிப் பானையில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து ஆவி காட்டினேன். கை சுட்டது. என் பசை நல்ல பசை, லேசில் விடவில்லை. மூன்று தாள்கள் ஓரத்தில் கிழிந்தன. மீதியைக் கத்தியால் நெம்பி எடுத்துக் காற்றாடிக்குக் கீழே காயவைத்தேன். ஹாஸ்டல் பிள்ளைகள் இதைவிடச் சுத்தமாகச் செய்வார்கள்.

மறுநாளே போனேன். கட்டிலில் உட்கார்ந்து புத்தகத்தை விரித்துக் காட்டினேன். கதிர் பிழைக்கவில்லை, நான்தான் ஒட்டினேன் என்றேன்.

"பொய் சொன்னீங்களா மிஸ்?"

"ஆமா."

"எல்லாரும் சொல்றாங்க. நீங்க சொல்லமாட்டீங்கன்னு நெனச்சேன்" என்றாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, வாசிக்கச் சொன்னாள்.

இரண்டு பக்கம் வாசித்திருப்பேன். ஜன்னலோரம் நின்ற அம்மா அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். நிறுத்தச் சொல்கிறார் என்று தெரிந்தது. ஹேமா கண்ணைத் திறக்காமலே அதே பாஷையில் பதில் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து அம்மா வந்து கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து மகளின் பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். நான் மேலே வாசித்தேன்.

கதிர் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் இறந்துபோகிறான். அதற்கு முந்தின நாள்தான் மீனாவுக்கு ஓட்டுநர் உரிமம் கிடைத்திருக்கிறது. எரித்துவிட்டுத் திரும்பும்போது அவன் அப்பா கார்ச் சாவியை அவளிடம் நீட்டுகிறார். மீனாதான் காரை எடுக்கிறாள். கியரை மாற்றத் தோன்றாமல் முதல் கியரிலேயே வீடு வரைக்கும் ஓட்டிக்கொண்டு வருகிறாள். அதோடு கதை முடிகிறது.

"வீட்டுக்கு வந்து?" என்று ஹேமா கேட்டாள்.

"அவ்வளவுதான்மா. முடிஞ்சிருச்சு."

"அவன் போறது எனக்குத் தெரியும் மிஸ். ஆரம்பத்துலயே தெரியும், நீங்க பிழைச்சுட்டான்னதாலதான் குழம்பிட்டேன். மறுநாள் மீனா சாப்பிட்டாளா? அதைல்ல எழுதியிருக்கணும்."

நான் பின்னட்டை வரைக்கும் புரட்டினேன். முட்டாள்தனம்தான். அங்கே ஒன்றும் இருக்காது என்று எனக்குத் தெரியாதா?

ஹேமாவின் அம்மாதான் வாயைத் திறந்தார். எனக்கும் புரியட்டும் என்றோ என்னவோ, தமிழில் சொன்னார். அந்தத் தம்பியை நீ போகச் சொன்னால் மட்டும் அது சாப்பிடும் என்று நினைக்கிறாயா என்று கேட்டார்.

ஹேமா தலைமாட்டில் இருந்த தன் போனை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். பிறகு என்னிடம், "நீங்க போன் போடுங்க மிஸ். என் போனை எடுக்கமாட்டான். நாளைக்கு வரச் சொல்லுங்க. சாப்பிட்டு வரச் சொல்லுங்க" என்றாள்.

அவன் மறுநாள் வந்தான். அதன் பிறகு அவர்களுக்குக் கிடைத்தது மூன்று வாரம்கூட இல்லை. தன்னால் சாப்பிட முடியாததையெல்லாம் அவன் தன் கண் முன்னால் சாப்பிட வேண்டும் என்று சட்டம் போட்டாள். அம்மா வீட்டிலிருந்து புளியோதரை கட்டிக்கொண்டு வருவார். புளிப்பு எப்படி, உப்பு எப்படி, கடலை முறுகலாக இருக்கிறதா என்று அவள் கேட்கக் கேட்க, அவன் வாயில் சோற்றை வைத்துக்கொண்டு பரீட்சைக்குப் பதில் சொல்வதுபோலச் சொல்லுவான். ஒருநாள் தெரியாமல் நான் உள்ளே நுழைந்தபோது அவள் நெற்றியில் முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தான். வந்த வழியே திரும்பி வராந்தாவில் போய் நின்றுகொண்டேன்.

மறுநாள்

ஒரு விடிகாலையில் ஹேமா போய்விட்டாள். அவள் வீட்டுத் தெருவில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கமாகக் கூட்டம். அருண்பாண்டி எந்தப் பக்கத்திலும் இல்லை. எதிர்ச்சாரியில் யாருடைய பைக்கின் மேலோ கையை ஊன்றி நின்றான். அழுவதற்குக்கூட அவனுக்கு அங்கே ஓர் உறவுமுறை கிடையாது. தூக்கிக்கொண்டு போன பிறகு நான் தேடினேன், ஆளைக் காணோம்.

மறுநாள் காலை எழுந்ததும் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. ஆரப்பாளையம் போய் உசிலம்பட்டி பஸ் ஏறினேன். முழங்கால் வலி, வெயில், உட்கார இடமில்லை. செக்கானூரணி தாண்டித்தான் இடம் கிடைத்தது.

வீட்டைக் கேட்டுக் கண்டுபிடித்தேன். அவன் அம்மாவுக்கு என்னைவிடப் பதினைந்து வயதாவது குறைவாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் இருந்து வருகிறேன் என்றதும் பதறிவிட்டார்.

"வாங்க டீச்சர். நேத்து வந்ததுல இருந்து பச்சத் தண்ணி குடிக்கல. காச்சலும் அடிக்கல. கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கான்."

பரீட்சை பயமாக இருக்கும் என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. இனி எதையும் ஒட்டுகிற தெம்பு எனக்கு இல்லை.

"கூடப் படிச்ச பிள்ளை நேத்து இறந்துபோச்சும்மா" என்றேன்.

"பொம்பளப் புள்ளையா?"

"ஆமா."

அவர் சாத்தியிருந்த உள்ளறைக் கதவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அடுப்படிக்குப் போனார். எண்ணெய் காய்ந்து முட்டை பொரியும் வாசனை வந்தது. இரண்டு தட்டு வைத்தார். ஒற்றையாக வைத்தால் தின்ன மாட்டான், நீங்களும் உட்காருங்கள் என்றார்.

அவன் வந்து என் எதிரில் உட்கார்ந்தான். கண் இரண்டும் வீங்கியிருந்தன. நான் சாப்பிட ஆரம்பித்தேன். அவன் முதல் வாயை எடுத்து வைத்துவிட்டு விழுங்காமல் வெகுநேரம் வைத்திருந்தான். பிறகு விழுங்கினான். அடுத்த வாய் எடுத்தான். பாதியில் அழுகை வந்தது. அழுதான், ஆனால் கை நிற்கவில்லை, பிசைந்து பிசைந்து சாப்பிட்டுக்கொண்டே அழுதான். இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்று அம்மா கேட்டபோது தட்டை நீட்டினான்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. முட்டை, ரசம், இரண்டாவது தடவை கேட்டு வாங்கியது, அழுதாலும் மிச்சம் வைக்காதது என்று ஒவ்வொன்றாக மனதில் அடுக்கிக்கொண்டே வந்தேன். எம்புட்டு சாப்பிட்டான் மிஸ் என்று ஹேமா கேட்டால் ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டுமே என்று இருந்தது. ஆரப்பாளையத்தில் இறங்கி, எதிரே நின்ற டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். நடத்துநர் வந்து எங்கே என்று கேட்டார். ஆஸ்பத்திரி ஸ்டாப் என்று சொல்லிக் காசை நீட்டினேன். டிக்கெட் கைக்கு வந்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.